பாங்கு சொல்லும் வாட்ச்

"உனக்குத்தானே, நீயே பார்த்து எடு" என்று பவுசியா மதினி மறுபடியும் சொல்கிறார். முதல் தடவை சொன்னபோது அதில் பிரியம் இருந்தது, அல்லது இருந்ததாக நான் எடுத்துக்கொண்டேன். இப்போது அதே வாக்கியம் அதே குரலில் வரும்போது கேள்வித்தாளை நீட்டுவது மாதிரி இருக்கிறது. எதை எடுக்கிறாள் பார்ப்போம் என்பது மாதிரி. கண்ணாடி மேசைமேல் நீல வெல்வெட் தட்டு, தட்டில் படுத்திருக்கும் வாட்சுகள், எல்லாமே ஒல்லி, எல்லாமே தங்க நிறம், வளையலா வாட்சா என்று சொல்ல முடியாத பட்டைகள், முகத்தில் எண்கள்கூடக் கிடையாது, எண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கற்கள். விலை அதிகமானதை எடுத்தால் ஆசைக்காரி. குறைந்ததை எடுத்தால் இவர்களால் முடியாது என்று எடைபோடுகிறாள். நடுவில் உள்ளதை எடுத்தால் கெட்டிக்காரி, எல்லாவற்றிலும் அதுதான் மோசம். நான் கட்டிக்கொள்ளப்போகிற தமீமுடைய ஒரே அக்கா இவர். அடுத்த மாதம் நிக்காஹ் முடிந்ததும் புதுக்கோட்டையில் நான் போய் இருக்கப்போகிற வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர். அந்த வீட்டில் எது நடந்தாலும் முதலில் பவுசியா காதுக்குப் போய்விட்டுத்தான் மற்றவர்களுக்குப் போகும் என்று அம்மா விசாரித்து வைத்திருக்கிறாள். பெண்ணைக் கடைக்குக் கூட்டிப்போய் மாப்பிள்ளை வீட்டார் வாட்ச் எடுத்துக் கொடுப்பது அவர்கள் பக்கத்து வழக்கமாம், கூட்டிப்போவது நாத்தனாராக இருக்க வேண்டுமாம், பெண்ணின் அம்மா உடன் வரக் கூடாதாம். கடைசி விதி உண்மையிலேயே வழக்கமா, இவர்களாகச் சேர்த்துக்கொண்டதா தெரியவில்லை. அந்த வாட்ச் கையில் ஏறிவிட்டால் இறங்காது. நான் வேறொன்றைக் கட்டிக்கொண்டால் நாங்கள் கொடுத்தது பிடிக்கவில்லையா என்று கேட்பார்கள், அல்லது கேட்காமல் மனதில் வைத்துக்கொள்வார்கள். ஆகவே எனக்கு வேண்டிய வாட்சை அவர்கள் கையாலேயே வாங்க வைக்க வேண்டும், அது எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாமல்.

எனக்கு வேண்டியது அதோ, பக்கத்து அலமாரியின் கீழ்த்தட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான வாட்சுகளுக்கு நடுவில் இருக்கிறது. கறுப்பு, தடித்த ரப்பர் பட்டை, சதுர முகம், எண்கள் மட்டும். கடைக்குள் நுழைந்தபோதே பார்த்துவிட்டேன், பார்த்ததை யாரும் பார்க்காமல் இருக்க உடனே சுவர்க்கடிகாரங்களைப் பார்த்தேன். ஐந்து அலாரம் வைக்கலாம், சத்தம் இல்லாமல் மணிக்கட்டில் மட்டும் அதிரும், நெட்டில் படித்துப் படித்து மனப்பாடம் ஆகியிருக்கிறது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு மத்தியானம் கரும்பலகையில் இருந்த எழுத்துகள் இரண்டு இரண்டாகப் பிரிந்தன. எழுத்துகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன், எனக்கு என்று தோன்றவில்லை. பிறகு ஆஸ்பத்திரி, ஊசி, ரிப்போர்ட், மயஸ்தீனியா என்கிற பெயர். நரம்பு சொல்வதைத் தசை சரியாகக் கேட்காமல் போவது என்று டாக்டர் எளிமையாகச் சொன்னார். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. தவறினால் முதலில் இடது கண் இமை இறங்கும், பிறகு பார்ப்பதெல்லாம் இரண்டாகும், பிறகு தாடை அசந்துபோகும், கடைசியில் நாக்கு. நேரம் தவறாமல் போட்டுக்கொண்டு கவனமாக இருந்தால் எல்லாரையும் போல இருக்கலாம், படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணமும் செய்துகொள்ளலாம் என்றார். அம்மா அந்தப் பேச்சில் எல்லாரையும் போல என்பதை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மாத்திரை போட்டால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை, தெரியாத ஒன்றை எதற்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி. அத்தா எதுவும் பேசவில்லை. அத்தா பேசாவிட்டால் எங்கள் வீட்டில் அது சம்மதம். நானும் பேசவில்லை, என்னுடையது சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டால் பதில் குழம்புகிறது. இத்தனை நாள் போன் அலாரத்தில் ஓடிவிட்டது. ஆனால் புதுப்பெண்ணின் போன் புது வீட்டில் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது, குழந்தைகள் எடுக்கும், மாமி வாங்கிப் போட்டோ பார்ப்பார், அலாரம் அடித்தால் மாத்திரையின் பெயர் ஒளிரும். மணிக்கட்டில் அதிர்ந்தால் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் எத்தனை வருஷம் அப்படி இருக்க முடியும் என்று கேட்டால் அம்மா, முதலில் போய்ச் சேரு என்பாள்.

என்னை இவர்கள் காலையில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தது காலையில், அம்மாதான் நல்ல நேரம் அதுதான் என்று எங்களிடம் இல்லாத ஒரு சம்பிரதாயத்தைச் சொல்லி வரவழைத்தாள். கொடுத்த போட்டோக்களும் காலையில் எடுத்தவை, இரண்டு கண்களும் ஒரே அளவில் திறந்திருக்கும். அன்று எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, வடையும் டீயும் பாதியில் இருக்கும்போது, பத்து மணிக்கு உள் அறையில் என் போன் கத்தியது. ரிங்டோன் இல்லை, அலாரம் என்பது யாருக்கும் தெரியும். இந்த நேரத்தில் என்ன அலாரம் என்று தமீமுடைய மாமு ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா கண்கூட இமைக்கவில்லை. "லுஹா தொழுகைக்கு வச்சிருக்கா, அதை ஒருநாளும் விடமாட்டா" என்றாள். கடமையான ஐந்து வேளைத் தொழுகையே பலருக்குத் தவறிப்போகும், லுஹா கடமை இல்லாதது, விரும்பினால் முற்பகலில் தொழுவது, அதற்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிற பெண் என்றதும் அறையில் இருந்த பெரியவர்கள் முகமெல்லாம் மாறியது, மாஷா அல்லாஹ் என்று ஒரு முணுமுணுப்பு சுற்றி வந்தது. அந்தக் கணத்தில்தான் சம்பந்தம் முடிவானது என்று இப்போதும் நினைக்கிறேன். நான் எழுந்து உள்ளே போனேன், மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்தேன். அன்று ராத்திரி அம்மாவிடம், தொழுகையைச் சொல்லியா பொய் சொல்லுவ என்று கேட்டேன். நீ இனிமே லுஹா தொழுதுக்க, பொய் இல்லாமப் போயிரும் என்றாள். சில நாள் தொழுதும் பார்த்தேன். ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டவுடன், நான் இதை யாருக்காகச் செய்கிறேன் என்று தோன்றும், எழுந்துவிடுவேன்.

"எதையும் தொடமாட்டேங்கிறாங்களே தங்கச்சி" என்கிறார் கடைக்காரர். பெரிய கடைவீதியில் இருந்து பிரிகிற சந்தில் இருக்கிற கடை, மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்கத்தான் இடம், அவரோ நல்ல அகலம், பேச்சும் அகலம். மதினியைப் பார்த்ததும் அக்கா, என்னைப் பார்த்ததும் தங்கச்சி, இரண்டு பேரின் குடும்பமும் அவருக்குப் பரம்பரையாகத் தெரிந்த மாதிரி. இப்போது விட்டால் இனி இல்லை என்று நினைத்துக்கொண்டு விரலை நீட்டிவிட்டேன். கீழ்த்தட்டில் அந்தக் கறுப்பு. அவர் குனிந்து எடுக்கும்போதே மதினி சிரித்துவிட்டார், இது என் மகன் ஸ்கூலுக்குக் கட்டிட்டுப் போறதுல்ல என்றார். கடைக்காரரும் சேர்ந்துகொண்டார், இதைக் கட்டிக்கிட்டு மேடையில உக்காந்தா மாப்பிள்ளை உங்களைப் போலீஸ்ன்னு நினைச்சிருவாரு என்றார். நானும் சிரித்தேன், சிரித்தால் கன்னம் சீக்கிரம் அசந்துபோகும் என்பதால் கொஞ்சமாகத்தான். நல்லா இருக்கு மதினி, ரஃப்பா யூஸ் பண்ணலாம் என்றேன். எனக்கே நம்பும்படி இல்லை. எம்.ஏ. ஆங்கிலம் படித்த, சத்தமாகப் பேசக்கூடத் தெரியாத ஒருத்தி எந்த இடத்தில் ரஃப்பாக யூஸ் பண்ணப் போகிறாள். மதினி வாட்சைப் புரட்டிப் பார்க்கிறார், பொத்தான்களை அமுக்குகிறார், இத்தனை பட்டன் எதுக்கு என்கிறார். கடைக்காரருக்குச் சரக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது, லைட் எரியும், அஞ்சு அலாரம் தனித்தனியா வச்சுக்கலாம் என்று ஒப்பிக்கிறார். அஞ்சு அலாரமா என்று மதினி கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வாட்சைப் பார்க்கவில்லை, என்னை. பிறகு, அஞ்சு வக்துத் தொழுகைக்கா என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். தலையைக் குனிந்தேன், அவ்வளவுதான். வெட்கப்படுகிற பெண் தலையைக் குனிந்தால் அதற்கு ஆமாம் என்றுதான் அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா, தெரியும். அம்மாவுக்காவது வாயைத் திறந்து பொய் சொல்லும் தைரியம் இருந்தது.

கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொழுகைக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி என்று பின்னால் திரும்பி, ஏணியில் ஏறி, மேல் அலமாரியில் இருந்து ஒரு பச்சைப் பெட்டியை இறக்குகிறார். பாங்கு சொல்லும் வாட்ச். வெள்ளிநிற முகம், ஓரத்தில் மெல்லிய வேலைப்பாடு, பார்க்கவும் பெண்கள் கட்டுகிற மாதிரி. ஊரைப் பதிந்துவிட்டால் போதுமாம், அந்தந்த நாள் சூரியனைப் பார்த்து அதுவே விடியற்காலை சுப்ஹு முதல் ராத்திரி இஷா வரை தொழுகை நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுமாம், நேரம் வந்ததும் பள்ளிவாசலில் தொழ அழைக்கிற மாதிரியே பாங்கு ஒலிக்குமாம், தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்றும் முள் காட்டுமாம். பாய் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க என்கிறார். பொத்தானை அமுக்கினார், கடைக்குள் சின்னதாகப் பாங்கு எழுந்தது. மதினி சட்டென்று முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார், நானும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பூக்காரப் பெண் யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள், அவள் வாய் அசைவதும் இந்தப் பாங்கும் சேர்ந்து ஒரு கணம் அவள்தான் சொல்வது மாதிரி இருந்தது. மதினி, "இதுதான்" என்றார். அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிவுக்கு வந்தார். பச்சைப் பெட்டியைப் பார்த்ததும் ஒரு ஆச்சரியமும் இல்லையே. இங்கே இது இருக்கும் என்று முன்பே தெரிந்துதான் இந்தக் கடைக்குக் கூட்டிவந்தாரா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே எத்தனை கடை இருந்தது. இல்லை, சேலைக்கடைக்கு இது பக்கம், அதனால் வந்தோம். ஆனால் சேலைக்கடையை யார் சொன்னது, அவர்தான். சூரியனைப் பார்த்து மாறுகிற நேரம் எனக்கு எதற்கு ஆகும். அந்தியில் தொழுகிற மஃரிப் தினமும் நகர்ந்துகொண்டே இருக்கும், என் தசைக்குச் சூரியனைத் தெரியாது. அதோடு ஊருக்கே கேட்கிற மாதிரி ஒலிக்கும். இதில் நம்மளே வேற அலாரம் வைக்க முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டேன், எனக்கே கேட்காத குரலில். அவர் காதைக் கொண்டுவந்தார், இரண்டாவது தடவை கேட்கவேண்டி வந்தது, அதற்குள் அது சாதாரணக் கேள்வி இல்லாமல் ஆகிவிட்டது. அது முடியாதும்மா, அதான் அதுவே எல்லாம் பார்த்துக்குமே, வேற எதுக்கு அலாரம் என்றார். மதினியும் அதையே கேட்டார். "வேற எதுக்கு ஷமீலா?"

பாங்கு வாட்சைக் காட்டி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. லுஹாவுக்கு அலாரம் வைக்கிற பெண் இதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் பையன்கள் கட்டுகிற கறுப்பு ரப்பரைக் கேட்டால் மதினி புதுக்கோட்டைக்குப் போய் என்ன சொல்வார். சுப்ஹுக்கு எழுப்பத்தான், முன்னாடியே எழுந்திருக்க என்று சொல்லலாம். சொன்னால் இன்னும் பக்தி ஏறும், ஏற ஏற நான் நிற்கிற இடம் உயரமாகிக்கொண்டே போகும். கட்டிப் பாரு, எப்படி இருக்குன்னு பாப்போம் என்று மதினி என் கையை இழுத்து அதைக் கட்டிவிட்டார், பிறகு மேசைமேல் இருந்த வட்டக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். கையில் கட்டுகிற பொருளுக்கு முகம் பார்க்கிற கண்ணாடி எதற்கு. அதில் என் மணிக்கட்டு தெரியவில்லை, என் முகம் தெரிந்தது, இடது கண் தெரிந்தது. இமை இறங்கியிருக்கிறதா. தூக்கம் வந்த மாதிரி, கொஞ்சம். அல்லது கண்ணாடி சாய்ந்திருப்பதாலா. மதினி எனக்குப் பின்னால் நிற்கிறார், கண்ணாடிக்குள் அவர் கண்கள் எங்கே பார்க்கின்றன என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னொரு பக்கம் பட்டை மாற்றிக்கொள்ள வந்த பெரியவர் ஒருவர் என்னையே பார்க்கிறார், ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்த முகமா, நரம்பு டாக்டரிடம் வந்தவரா, வந்திருந்தால் என்னை அடையாளம் தெரிந்து நலமா என்று கேட்டுவிடுவாரா. கேட்கமாட்டார், அவர் சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்க்கிறார், அது என் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. அப்படியானால் மணி என்ன. திரும்பிப் பார்த்தால் ஏன் மணி பார்க்கிறாய் என்று மதினி கேட்பார். கையில் கட்டியிருக்கிற இந்த வாட்சைப் பார்க்கலாம், இதில் கடைக்காரர் இன்னும் நேரம் வைக்கவில்லை, எந்த ஊருக்கோ உரிய ஒரு விடியற்காலையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. எண்களைச் சுற்றி மங்கலாக இன்னொரு வரிசை எண்கள். கண்ணைச் சிமிட்டினேன். ஒன்றாகி, மறுபடியும் பிரிந்தன. இரண்டு மணி நெருங்கிவிட்டது. இன்று மாத்திரை சீக்கிரமே இறங்கிவிட்டது, வெயிலில் நடந்ததால், சேலைக்கடையில் மாடி ஏறியதால், சாப்பாட்டுக் கடையில் மட்டன் பிரியாணியை மென்றதால். பாதியிலேயே தாடை ஓய்ந்துபோய் பிரெட் அல்வாவைத் தொடாமல் வைத்துவிட்டேன். கோழி கொத்துற மாதிரி சாப்பிடுறியே என்று மதினி சொன்னார், சொல்லிவிட்டு என் தட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

அதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இருக்கிறது, அதை இவ்வளவு நேரம் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். சேலைக்கடையில் இருந்து இறங்கும்போது மதினி, இங்க பள்ளிவாசல்ல பொம்பளைங்களுக்கு இடம் இருக்கு, வாட்ச் எடுத்துட்டு மத்தியான லுஹர் தொழுதுட்டுப் போயிரலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, உனக்குத் தொழுகை இருக்கா என்று கேட்டார். பெண்கள் பெண்களைக் கேட்பதுதான், மாதத்தில் தொழுகை இல்லாத நாட்கள் எல்லாருக்கும் உண்டு. இல்லை மதினி என்றேன். அது உண்மை. இன்று காலையில் இருந்து நான் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதுவே இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது. தொழுகை இல்லாத நாளில் தொழுகை அலாரம் எதற்கு அடிக்க வேண்டும். இன்னும் சற்று நேரத்தில் என் கைப்பைக்குள் போன் அதிரும். சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன், ஆனால் அதிர்வை நிறுத்தினால் எனக்கே தெரியாமல் போய்விடும் என்று அதை விட்டுவிட்டேன். கைப்பை கண்ணாடி மேசைமேல் இருக்கிறது. கண்ணாடிமேல் அதிர்ந்தால் எப்படிக் கேட்கும். பையை எடுத்து மடியில் வைக்க வேண்டும், கை நீள்கிறது, மதினி அந்த நேரம் பார்த்துத் தன் சேலைப் பையை என் பைமேல் வைத்துச் சாய்கிறார். வேண்டுமென்றா. எடுத்துக்கொள்கிறேன் மதினி என்று சொல்லலாம். எதற்கு என்று கேட்பார். தண்ணீர் குடிக்க என்று சொல்லலாம். பாட்டில் அவர் கையில்தான் இருக்கிறது.

"பேக் பண்ணிரலாமா?" என்று மதினி கேட்கிறார். நான் சரி என்றேன். எனக்கே வியப்பாக இருந்தது, இவ்வளவு எளிதாக வந்துவிட்டது அந்தச் சொல். பாங்கு வாட்ச் நல்லா இருக்கு மதினி என்றும் சேர்த்தேன். மாத்திரைக்கு வேறு ஏதாவது வழி கண்டுபிடிக்கலாம், குளியலறையில் ஒரு கடிகாரம், ஜாக்கெட்டுக்குள் ஏதாவது, அம்மா யோசிப்பாள், அம்மாவால் எதையும் யோசிக்க முடியும். கடைக்காரர் வாட்சைக் கழற்றிப் பச்சைப் பெட்டிக்குள் படுக்க வைக்கிறார். அப்போது மேசை உறுமியது. கண்ணாடி முழுவதும் நடுங்கியது, தட்டில் இருந்த தங்க வாட்சுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. கடைக்காரர், யாருக்கோ போன் வருது என்றார். நான் அசையவில்லை. அசையாவிட்டால் அது என் பை இல்லை என்று ஆகிவிடும் போல உட்கார்ந்திருந்தேன். மதினி தன் சேலைப் பையை நகர்த்தினார். என் பையை எடுத்து என் மடியில் வைத்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து மேசைமேல் வைத்தார். கடைக்காரரைப் பார்த்து, நீங்க அந்தப் பெரியவருக்குப் பட்டையை மாத்தி விடுங்கண்ணே, நாங்க இன்னும் கொஞ்சம் யோசிக்கணும் என்றார். அவர் நகர்ந்ததும் என் பக்கம் குனிந்து, "எடுத்துப் போடு" என்றார்.

என்ன மதினி என்று கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தாழ்ந்த குரலில், தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். உங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே தெரியும் என்றார். லுஹான்னு உங்கம்மா சொன்னாங்க, நீ எழுந்து போன, கைகால் கழுவி ஒளுவும் எடுக்கல, பாயும் விரிக்கல, நான் உக்காந்திருந்த எடத்துல இருந்து உள் ரூம் நல்லாத் தெரியுது, எதையோ வாயில போட்டுத் தண்ணியைக் குடிச்சிட்டு வாயைத் தொடைச்சிட்டு வந்து உக்காந்துட்ட, அவ்வளவு சுருக்கா ரெண்டு ரக்அத் தொழுகையை நான் பார்த்ததே இல்ல என்றார். அதில் ஒரு சிரிப்பு இருந்தது, சிரிப்புக்கு அடியில் வேறு ஏதோ. அப்படியானால் இத்தனை நாளும் தெரிந்துகொண்டே மாஷா அல்லாஹ் சொல்லியிருக்கிறார். தெரிந்துகொண்டே இன்று அஞ்சு வக்துக்கா என்று கேட்டிருக்கிறார். என் சந்தேகம் ஒவ்வொன்றும் சரியாக இருந்ததில் சந்தோஷப்படவா முடியும். அந்தப் பாங்கு வாட்ச் எதுக்கு அப்ப என்று கேட்டேன், இந்த வாட்டி என் குரல் எனக்குக் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். "அதைக் காட்டினா வேற வழியில்லாம உண்மையைச் சொல்லிருவன்னு நினைச்சேன். நீ அதையும் வாங்கிக்கிடத் தயாரா இருக்க." எனக்கு முகம் எரிந்தது. கோபமா வெட்கமா என்று பிரிக்க முடியாத ஒரு சூடு. நூல் கட்டி இழுத்துப் பார்த்திருக்கிறார் என்னை. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தேன், விழுங்க இரண்டு முயற்சி வேண்டியிருந்தது. அவர் முதுகைத் தடவவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெல்ல, சுகர்தானே என்றார்.

சுகர். இது பயப்படுற விஷயமா, இந்தக் காலத்துல சின்னப் பிள்ளைங்களுக்கே வருது, அல்வாவைத் தொடாம வச்சப்பவே நினைச்சேன், எங்க மாமியாருக்கு இருக்கு, என் வீட்டுக்காரருக்கு இருக்கு, தமீமுக்கே நாப்பது வயசுல வந்தாலும் வரும், எங்க வம்சத்துல எல்லாருக்கும் வந்திருக்கு, இதை மறைக்கவா உங்கம்மா அல்லாஹ்வை இழுத்தாங்க என்று சொல்லிக்கொண்டே போகிறார். அவர் குரலில் முதல் முறையாக எந்த முள்ளும் இல்லை. நான் சும்மா இருந்தால் போதும். தலையைக் குனிந்தால் போதும், அது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. சுகர் எவ்வளவு அழகான நோய், எல்லார் வீட்டிலும் ஒரு டப்பா மாத்திரை, எல்லாருக்கும் அதன் பெயர் தெரியும், யாரும் அதற்காகக் கல்யாணத்தை நிறுத்தமாட்டார்கள், அல்லது நிறுத்துவார்களோ, மதினி நிறுத்தமாட்டார். கறுப்பு வாட்சையே வாங்கித் தந்துவிடுவார். போகிற வீட்டில் ஒரு ஆள் என் பக்கம் இருப்பார். டீயில் சர்க்கரை போடாமல் தருவார்கள், நான் குடித்துவிடுவேன். என்றைக்காவது இமை இறங்கினால், நாக்கு குழறினால், சுகர் ஏறிடுச்சு என்பார்கள், தப்பான மாத்திரையைத் தப்பான அக்கறையோடு வாயில் போடுவார்கள், நான் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழும்பாது. அங்கேதான் நினைப்பு நின்றுவிட்டது, அதற்கு மேல் நகரவில்லை. எல்லாரும் சுற்றி நின்று அன்பாக ஏதோ ஊட்டுகிறார்கள், எனக்குச் சொல்ல முடியவில்லை. பயம் என்றால் இத்தனை நாள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுதான் என்று நினைத்திருந்தேன். கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தேடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பது தோன்றியதே இல்லை. "சுகர் இல்ல மதினி" என்றேன்.

சொன்னேன். எவ்வளவு சொன்னேன் என்று தெரியவில்லை. கரும்பலகை, நரம்பு, தசை, மயஸ்தீனியா, அந்தப் பெயரை அவர் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார். என் எதிரே இரண்டு மதினிகள் இருந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் சற்று விலகி, இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இடது இமை பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, இனி அதை மறைக்க வேண்டியதில்லை என்பதே தலைசுற்றுவது மாதிரி இருந்தது. நான் முடித்ததும் மதினி பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். குணமாகிற வியாதியா என்று கேட்டார். மாத்திரையில் இருக்கும், முழுசாப் போகும்ன்னு சொல்ல முடியாது என்றேன். குழந்தை பற்றிக் கேட்டார், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பிறகு தன் விரல் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுகர் என்று நினைத்தபோது குரலில் இருந்த அந்த இளக்கம் இப்போது இல்லை. கோபமும் இல்லை. என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை, முகத்தைப் படித்தே வாழ்ந்தவள் நான். "தமீமுக்குத் தெரியுமா?" என்றார். இல்லை என்று தலையசைத்தேன். அவர் தன் போனை எடுத்து ஏதோ அமுக்கி, என் கையில் வைத்தார். "நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்றார். சேலைப் பைகளை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய் பூக்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

எதற்கு. இது எனக்குச் செய்கிற உதவியா, அல்லது நிக்காஹ் நின்றால் நின்றதற்குப் பெண்ணின் வாயே காரணம் என்று ஆகட்டும் என்பதா. நாளைக்கு யாராவது கேட்டால், நான் ஒரு வார்த்தை சொல்லல, அவளே சொன்னா என்று அவர் கைகழுவலாம். அவர் முதுகு எதையும் காட்டவில்லை, மல்லிகைப் பந்தை எடுத்து முகர்ந்து பார்க்கிறார். போன் அழைத்துக்கொண்டிருக்கிறது. துண்டித்துவிடலாம். மாத்திரை உள்ளே போய்விட்டது, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் வேலை செய்யத் தொடங்கிவிடும், இமை ஏறும், நாக்கு லேசாகும், அப்போது கூப்பிட்டுத் தெளிவான உச்சரிப்பில், ஒரு சின்ன விஷயம் என்று தொடங்கிப் பேசலாம். அந்தக் குரலில் கேட்டால் அது சின்ன விஷயமாகவே தெரியும், அவரும் ஒத்துக்கொள்வார். எதை ஒத்துக்கொள்வார். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். "சொல்லுக்கா" என்கிறது தமீமுடைய குரல், பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற இரைச்சல், அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதே கொஞ்சம்தான். அவ வாட்ச் எடுத்துட்டாளா, பிடிச்சிருக்காமா என்று கேட்கிறார். "நான்" என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், சொல் மூக்குக்குள் போய் மழுங்கி வேறு யாருடையதோ மாதிரி வெளியே விழுகிறது. அக்கா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு, உடம்பு முடியலையா என்கிறார், பதறிப்போய். நாக்கைத் தூக்குகிறேன், அது ஈரத்துணி மாதிரி கனக்கிறது, ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைக்கிறேன்.

"அக்கா இல்ல. ஷமீலா. என் குரல்தான் இது. கொஞ்சம் மெதுவாத்தான் வரும், கேளுங்க."